காப்பி மேசையின் கால்களை இணைக்கும் சட்டம் ஆணியில்லாமல் காலில் எப்படி நிற்கிறது?

சட்டத்தின் முனையை நாக்குபோல், அதாவது கழுந்தாக, செதுக்கி, காலில் உளியால் வெட்டிய துளைக்குள் செருகுவதுதான் கழுந்துப் பொருத்து. மண்வெட்டிக் காம்பு கண்ணுக்குள் இறுகுவதுபோல.

பினாங்கின் ஈரக்காற்றில் மரம் ஊதும், ஏர்கோன் அறையில் சுருங்கும். ஆணியைச் சுற்றிய ஓட்டை நாளடைவில் தளர்ந்துவிடும். கழுந்திலோ மரமும் மரமும் அகலமாகப் பசையில் ஒட்டியிருக்கும், அதன் தோள், அதாவது நாக்கின் அடியில் காலோடு முட்டும் விளிம்பு, சட்டம் ஆடாமல் தாங்கும். 24 மி.மீ. தடிமனுள்ள சட்டத்துக்கு 8 மி.மீ. தடிமனுள்ள கழுந்து போதும், துளை 2 மி.மீ. கூடுதல் ஆழம், மிஞ்சும் பசை தங்க. மேல்பலகையை மட்டும் சட்டத்தோடு ஒட்டவே ஒட்டாதீர்கள், வெடிக்கும். நகர இடம்விடும் மரக்கொக்கிகளால் பிடியுங்கள்.

அடித்து ஏற்றினால்தான் உறுதி என்பது தவறு: கையால் அழுத்தி, கடைசியில் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) இரண்டு தட்டில் உட்கார வேண்டும், அதைவிட இறுகினால் பசை வழிந்துபோகும், காலும் பிளக்கும்.