தனியாக வரைகிறேன், பார்த்துச் சொல்ல ஆளில்லை

கேள்வி: கலைக் கல்லூரி முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில், அலுவலகம் முடிந்து வந்து இரவில் வரைகிறேன். யாரிடம் காட்டினாலும் "நல்லா இருக்கு" என்பதோடு சரி. மூத்த ஓவியர் ஒருவரிடம் வழிகாட்டுதல் கேட்பது எப்படி?

பதில்: மூத்தவரைத் தேடும் முன் உங்களைப் போன்ற நான்கு பேரைத் தேடுங்கள். மூத்தவர் உங்களுக்கு ஆண்டில் சில மணி நேரம் ஒதுக்கினாலே பெரிது. படமோ வாரா வாரம் சிக்குகிறது. இப்படிக் குழுவாகக் கூடுவது மலேசிய ஓவியத்தில் புதிதும் அல்ல. 1950களில் கோலாலம்பூரில் பீட்டர் ஹாரிஸ் புதன்கிழமை ஓவியக் குழுவைத் தொடங்கினார். 1989இல் இளம் ஓவியர்கள் ஐவர் மாத்தாஹாத்தி என்ற குழுவாகச் சேர்ந்தார்கள்.

ஆட்களைப் பிடிக்க நல்ல இடம் கண்காட்சித் திறப்பு விழாக்கள். தேசியக் கலைக்கூடமான பாலாய் செனி நெகாராவிலும் பிரிக்பீல்ட்ஸில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலை நிறுவனத்திலும் நடப்பவற்றைக் கவனித்து வாருங்கள். ஒரே பாணிக்காரர்களாகச் சேர்க்காதீர்கள். சிற்பம் செய்பவர் ஒருவர் இருந்தால் ஓவியர் காணாததைக் காண்பார்.

மாதம் ஒருமுறை, ஞாயிறு காலை, ஜன்னல் ஓரமாகக் கூடுங்கள். பகல் வெளிச்சம் முக்கியம். வீட்டு டியூப்லைட் நீலம் கலந்த வெள்ளையாக இருந்தால், அதை ஈடுகட்ட நம்மை அறியாமலே மஞ்சளும் சிவப்பும் கூட்டிவிடுவோம். காலையில் பார்த்தால் படம் வெந்துபோனது போல இருக்கும். வாட்ஸ்அப் படத்தை வைத்துக் கருத்துச் சொல்வதும் வேண்டாம். அளவும் தூரிகைத் தடமும் அதில் தெரியாது.

ஒரு கூட்டத்துக்கு இருவரின் படங்கள் போதும், ஆளுக்கு நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே நகர்கிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அம்மாவின் முகத்தை வரைந்திருக்கிறீர்கள், ஆனால் நால்வரும் மூலையிலுள்ள வெள்ளை ஜன்னலையே முதலில் சொல்கிறார்கள் என்று வையுங்கள். படத்தில் மிகக் கூர்மையான வெளிச்ச வேறுபாடு அங்கே இருக்கிறது. அந்த வெள்ளையைச் சற்று மங்கவைப்பதா, முகத்தின் நிழலை ஆழமாக்குவதா என்பது உங்கள் முடிவு. "நானாக இருந்தால் இப்படி வரைவேன்" என்று யாராவது தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். குழுக்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இதனாலும், மனம் புண்படுமே என்று எல்லாரும் எல்லாரையும் பாராட்டத் தொடங்குவதாலும்தான்.

ஆறேழு கூட்டங்களுக்குப் பிறகும் தீராத ஒரு கேள்வி மிஞ்சும். அதை எடுத்துக்கொண்டு மூத்தவரிடம் போங்கள். "எனக்குக் குருவாக இருங்கள்" என்று கேட்டால் யாரும் தயங்குவார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் ஐயா. இந்த மூன்று படங்களிலும் பின்னணி உருவத்தை விழுங்கிவிடுகிறது. உங்கள் ஸ்டூடியோவுக்கு எட்டுப் படங்களோடு வந்து ஒரு மணி நேரம் பேசலாமா? உங்கள் கட்டணத்தையும் சொல்லுங்கள்."

அந்த எட்டில் தோற்றுப்போன இரண்டு படங்களும் கட்டாயம் இருக்கட்டும். சிக்கல் எங்கே என்று அவற்றில்தான் அவருக்குச் சட்டென்று பிடிபடும். ஒவ்வொன்றின் பின்புறமும் தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா என்பது), அளவு எழுதியிருக்க வேண்டும். அவர் கைவண்ணம் உங்கள் படத்தில் அப்படியே இறங்குகிறதா என்று கவனிக்கும் பொறுப்பைக் குழுவிடம் விடுங்கள், உங்கள் கண்ணுக்கு அது தெரியாது. இரண்டு மாதம் கழித்து, அவர் சொன்னதில் எதைச் செய்தீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்று படத்தோடு நான்கு வரி அனுப்புங்கள். அடுத்த சந்திப்பைக் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.