கலை வரலாறும் அருங்காட்சியகவியலும் பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா? அங்கே என்னதான் சொல்லித் தருவார்கள்?

தாராளமாகப் படிக்கலாம். நான் இரண்டையும் சேர்த்துப் படித்தவன். ஓவியர்கள் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்கிற படிப்பு என்று வெளியே ஒரு நினைப்பு இருக்கிறது, அதை மட்டும் முதலில் விட்டுவிடுங்கள்.

கலை வரலாற்றில் ஆரம்பத்தில் கிடைக்கும் பயிற்சி, ஒரே ஒரு படைப்பின் முன்னால் உட்கார்ந்து கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுவது. "கருணை ததும்பும் முகம்" என்று எழுதினால் ஆசிரியர் அந்த வரியை அடித்துவிடுவார். இமை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, இதையெல்லாம் எழுத வேண்டும். கொஞ்ச நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். அப்புறம் வோல்ஃப்லின், பனோஃப்ஸ்கி போன்ற கலை வரலாற்று அறிஞர்களின் கோட்பாடுகள் வரும், அவையும் தேவைதான், ஆனால் பார்க்கப் பழகாதவருக்கு அவை வெறும் சொற்களாகவே நின்றுவிடும்.

இந்தப் பார்வை எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஸ்ரீபுரந்தான் நடராசர் கதை. ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிய சோழர் காலச் சிலை அது. கைமாறிய வரலாறு என்று காட்டிய தாள்கள் எல்லாம் போலி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது அரியலூர் மாவட்டக் கோயிலிலிருந்து திருடு போன அதே சிலை என்று தெரிந்தது, 2014-இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. இப்படிப்பட்ட வெண்கலச் சிலைகளை மெழுகில் உருவம் செய்து, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்ப்பார்கள்; அந்த முறையில் ஒரு மெழுகு உருவுக்கு ஒரு சிலைதான், அதனால் இரண்டு சிலைகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வழியில்லை. அந்தச் சின்னச் சின்ன வேறுபாட்டைப் பிடிக்கிற கண்ணைத்தான் இந்தப் படிப்பு தருகிறது, ஒரு பொருள் யார் யார் கை மாறி வந்தது என்று தோண்டுவதையும் இங்கேதான் கற்கிறோம்.

அருங்காட்சியகவியல் வேறு மாதிரி, அது பொருட்களைக் கையாண்டு பழகுகிற வேலை. குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது, இரண்டு கையாலும் அடியையும் வயிற்றையும் தாங்க வேண்டும். சேமிப்பறைக்குள் பேனா கூடாது, பென்சில்தான். பதிவு எண்ணை எழுதுவதற்கே ஒரு முறை உண்டு: பொருளின் மேல் நேரடியாக எழுதாமல், கண்ணில் படாத ஓர் இடத்தில் பேரலாய்ட் பி-72 என்ற பிசினை மெல்லப் பூசி, காய்ந்த பிறகு அதன்மேல் மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுப்பார்கள், நாளைக்கு அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் பொருளுக்குச் சேதமில்லாமல் போய்விட வேண்டும் என்பதற்காக. நீர்வண்ண ஓவியத்துக்கும் சாயம் போட்ட துணிக்கும் வெளிச்சம் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரைதான், ஏனென்றால் வெளிச்சத்தால் போன நிறம் திரும்பி வராது. அருங்காட்சியகம் ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கியூரேட்டர், அதாவது சேகரிப்புக்குப் பொறுப்பான நிபுணர் பதவிகள் குறைவு, அதற்குப் பெரும்பாலும் முனைவர் பட்டமும் கூடுதலாக ஒன்றிரண்டு மொழிகளும் வேண்டும். ஆனால் பதிவேடு, ஆவணப்படுத்தல், கண்காட்சி வடிவமைப்பு, பள்ளி மாணவர்களுக்கான கல்விப் பிரிவு, ஏல நிறுவனங்கள் என்று வேறு வழிகளும் உண்டு. வேதியியல் பிடிக்கும் என்றால் கலைப்பொருள் பாதுகாப்புப் பக்கம் போங்கள், கலை மட்டும் படித்தவர் அங்கே நுழைவது கஷ்டம்.

எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட, அந்தத் துறை மாணவர்களைச் சேமிப்பறைக்குள் விடுகிறதா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 80 லட்சம் பொருட்கள் இருக்கின்றன, காட்சியில் இருப்பது ஏறத்தாழ 80,000 மட்டும், மற்றதெல்லாம் உள்ளே. அந்த உள்பக்கத்தைப் பார்க்காமல் பட்டம் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. விண்ணப்பிக்கும் முன் அங்கே கடைசி ஆண்டு படிக்கும் யாரிடமாவது, "எத்தனை பொருளுக்கு நீங்களே நிலை அறிக்கை எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "நல்ல நிலையில் உள்ளது" என்று ஒற்றை வரி இல்லை, விரிசல் எந்த மூலையில், எத்தனை மில்லிமீட்டர், பழையதா புதியதா என்று எழுதும் அறிக்கை. ஒன்றுகூட எழுதவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.