பையன் வழி தவறுவதற்கு முன்னால்: சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் தப்பான வழிக்குப் போகாமல் இருக்க வீடும் தெருவும் என்ன செய்யலாம் என்று கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி (அம்மாப்பேட்டை, ஒரு தாய்): வீட்டுக்காரர் தறிக்கு ராத்திரி ஷிஃப்ட் போகிறார். நான் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். ஒன்பதாவது படிக்கிற பையன் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறான். அவன் பையில் உதட்டுக்குள் அதக்குகிற புகையிலைப் பொட்டலம் இருந்தது. அடியாத மாடு படியாது என்கிறார் மாமியார். அடிக்கலாமா சார்?

பதில்: வேண்டாம் அம்மா. அடித்தால் பொட்டலத்தை ஒளித்து வைக்கிற இடம்தான் மாறும். சாப்பிட்டு முடித்த பிறகு, தங்கை தம்பி எதிரில் இல்லாமல் கேளுங்கள். தெரியாதது மாதிரி நடிக்க வேண்டாம். "உன் பையில் இதைப் பார்த்தேன். யார் கொடுத்தது, எத்தனை நாளாக?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கஷ்டமே அதில்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா அழ ஆரம்பித்துவிடுவார். அழுகையைச் சமாதானம் செய்வதிலேயே பேச்சு முடிந்துவிடும், பையனும் தப்பித்துவிடுவான்.

பொட்டலத்தைவிட எனக்குக் கவலை அந்த நாலரை மணி நேரம்தான். பள்ளி விட்டதிலிருந்து ஒன்பது மணி வரை அவன் எங்கே இருக்கிறான்? அமெரிக்காவில் கணக்கெடுத்தபோது, சிறுவர்கள் செய்கிற வன்முறை பள்ளி நாட்களில் பள்ளி விட்டவுடன் வருகிற மணி நேரங்களில்தான் உச்சத்தில் இருந்தது. டியூஷன் ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். காந்தி ஸ்டேடியத்தில் ஏதாவது பயிற்சியில் சேர்க்கலாம். அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் அவனோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்கட்டும். அந்த நேரத்தில் அறிவுரை கூடாது.

அப்புறம் கடைக்காரர். மருத்துவர் சொல்லாமல் பிள்ளைக்குப் போதைப் பொருளோ புகையிலையோ கொடுத்தால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவுப்படி 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நல காவல் அலுவலர் இருக்க வேண்டும், அவரிடம் சொல்லுங்கள். அங்கே போகத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். பையனால் பழக்கத்தை விட முடியவில்லை என்றால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "மென்டல் டாக்டரிடமா" என்று மாமியார் கேட்பார். கேட்கட்டும்.

கேள்வி (அஸ்தம்பட்டி): பக்கத்திலேயே மத்திய சிறை இருக்கிறது. சேட்டை செய்கிற பையன்களை அனுமதி வாங்கி உள்ளே கூட்டிப் போய்க் காட்டினால் பயந்து திருந்துவார்கள் அல்லவா?

பதில்: கேட்க நன்றாக இருக்கும், நடப்பது நேர்மாறு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1970-களில் ஆயுள் கைதிகளை வைத்துப் பிள்ளைகளை மிரட்டுகிற திட்டம் ஒன்று ரொம்பப் பிரபலம். அந்த மாதிரித் திட்டங்களைப் பற்றிய 9 பரிசோதனைகளைப் பிற்பாடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். போய் வந்த பையன்கள்தான், போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் இறங்கியிருந்தார்கள். அதற்கு ஆகிற செலவில் இரண்டு வாலிபால் வாங்குங்கள்.

கேள்வி (தாதகாப்பட்டி, ஒரு தந்தை): செல்போன் பறித்ததாக என் 16 வயது மகனைப் பிடித்துவிட்டார்கள். வாழ்க்கையே போச்சா?

பதில்: போகவில்லை. அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது, 24 மணி நேரத்துக்குள், 18 வயது ஆகாதவர்களின் வழக்கை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தில் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். பெரியவர்கள் யாரும் கூட்டுச் சேராத சின்னக் குற்றம் என்றால் பொதுவாக எஃப்.ஐ.ஆர். கூடப் போடுவதில்லை. அறிவுரை, ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்றுதான் உத்தரவு வரும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார். பின்னாளில் இந்த வழக்கைக் காட்டி வேலையையோ படிப்பையோ மறுக்க முடியாது.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். "எல்லாம் சேர்க்கை சரியில்லாததால்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பள்ளிக்கு எப்போது போகாமல் நின்றான், வீட்டில் என்ன சண்டை, கடன் இருக்கிறதா என்று உள்ளதைச் சொல்லுங்கள். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் குழுமம் முடிவெடுக்கும்.

கேள்வி (கன்னங்குறிச்சி): இருட்டினால் காலி மைதானத்தில் பையன்கள் கும்பலாக உட்கார்ந்திருக்கிறார்கள். கேமரா வைக்கலாமா, நாங்களே ரோந்து போகலாமா?

பதில்: கேமரா வைத்தால் கும்பல் அடுத்த தெருவுக்குப் போகும். முதலில் லைட் போடச் சொல்லி உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள், வாலிபால் நெட் கட்டுங்கள். காவல் துறையின் சிறுவர் சிறுமியர் மன்றம் பற்றியும் கேட்டுப் பாருங்கள். ரோந்து வேண்டவே வேண்டாம். போலீசாருக்கு உதவிய தன்னார்வலர்களின் போலீஸ் நண்பர்கள் குழுவுக்கு 2020-இல் இந்த மாநிலத்திலேயே தடை வந்ததை மறந்துவிடாதீர்கள்.

ஐஸ்லாந்தில் 1998-இல், முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்திருந்த 15, 16 வயதுப் பிள்ளைகள் 42 சதவீதம். 2016-இல் அது 5 சதவீதம். பெற்றோர் கூடிப் பேசி ராத்திரி நேரக் கட்டுப்பாட்டை ஒன்றாகக் கடைப்பிடித்தார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது. உங்கள் தெருவில் பத்து வீடு சேர்ந்து "எட்டு மணிக்கு உள்ளே" என்று முடிவு செய்தால், "அவன் வீட்டில் மட்டும் விடுகிறார்களே" என்கிற பேச்சு நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை: "பிரச்சனைப் பையன்கள்" என்று பொறுக்கி எடுத்துத் தனி டீம் போடாதீர்கள். ஒருவன் இன்னொருவனுக்குக் கற்றுக்கொடுத்துவிடுவான். எல்லாரோடும் கலந்து விடுங்கள், விளையாட்டுச் சாமான் வைக்கிற இடத்தின் சாவியை அவர்களில் ஒருவனிடம் கொடுங்கள். சேலம் குகைப் பகுதியில் ஆடி மாதம் நடக்கிற வண்டி வேடிக்கை என்கிற அலங்கார வண்டி ஊர்வலத்துக்குப் பையன்கள் ராப்பகலாக உழைப்பதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு வேலையை ஒப்படைத்தால் அவர்கள் எப்படி நிற்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (ஏற்காடு, கல்லூரி மாணவி): காபி பறிக்கிற சீசனில் அம்மா அப்பா விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். பெரிய பெண் பள்ளியை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். சாயங்காலம் நான் பாடம் சொல்லித் தரலாமா?

பதில்: தாராளமாகம்மா. ஆனால் எத்தனை மாதம் முடியும் என்று முதலில் யோசித்துக்கொள். வழிகாட்டி மூன்று மாதத்துக்குள் விட்டுவிட்டுப் போனால், யாருமே வராமல் இருந்ததைவிடப் பிள்ளையின் தன்னம்பிக்கை குறைவதாக அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வாரம் ஒரு நாள் போதும், ஆனால் சீசன் முடியும் வரை தவறாமல் போ. கதவு திறந்திருக்கிற பொது இடத்தில் நடத்து, பெற்றோருக்குச் சொல்லிவிடு, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதே. பள்ளியை விட்ட பெண்ணை நீ தனியாகத் திருப்பி அனுப்ப முடியாது. தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் சொல். அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று அவர்கள் கேட்கட்டும்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): பேரனுக்கு 15 வயது. தாத்தா ஆசையாக ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

பதில்: ஆர்சி யார் பெயரில்? பேரன் ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்தாகும், பேரனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டுங்கள், சாவியை அவரே எடுத்து வைத்துக்கொள்வார்.