கயிற்றின் ஒரு முனையில் குழந்தை

கேள்வி: சிவப்பு உடையில் ஒரு சின்னப் பையன், கையில் கயிறு, மறுமுனையில் பறவை, பக்கத்தில் பூனைகள். கோயா என்ற ஸ்பானிய ஓவியர் வரைந்ததாம். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்க்கப் பார்க்க ஏனோ கலக்கமாக இருக்கிறது. பூனைகள் என்றால் மரணம் என்று அர்த்தமா?

பதில்: முதலில் அந்தப் பூனைகளைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். வெள்ளைச் சரிகைக் கழுத்துப்பட்டியும் பட்டு இடைக்கச்சையும் அணிந்த, பிரபு வீட்டுச் செல்லப்பிள்ளை ஒருவன் மட்டும்தான் இருப்பான். விரலை எடுங்கள். மூன்று பூனைகள், அதில் கறுப்புப் பூனை இருட்டோடு இருட்டாகக் கலந்து கண்கள் மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கிறது. மூன்றுமே அந்த மேக்பை பறவையைக் குறிவைத்திருக்கின்றன, பையனோ பறவையைப் பார்க்கவே இல்லை. உங்கள் கலக்கம் அங்கேதான் பிறக்கிறது, அதற்குக் குறியீட்டு அகராதி எதுவும் வேண்டாம்.

சரி, குறியீட்டுக்கு வருவோம். கிறிஸ்தவ ஓவிய மரபில் பறவை பல நேரம் ஆன்மாவைக் குறிக்கும், கூண்டுப் பறவை கள்ளமின்மையைக் குறிக்கும். இங்கேயும் வலப்பக்கம் ஒரு கூண்டு நிறைய பிஞ்ச் குருவிகள். ஆனால் பூனை என்றாலே சாவு என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். மானுவேல் என்ற இந்தப் பையன் 1792-ல், எட்டு வயதில் இறந்துபோனான் என்பது நமக்குத் தெரியும், தெரிந்ததால்தான் படம் முழுக்க மரணத்தைத் தேடுகிறோம். படம் வரையப்பட்டது 1787-88 வாக்கில் என்கிறார்கள். அடியில் எழுதியிருப்பதும் அவன் பிறந்த 1784-ஆம் வருடம்தான்.

அதே வருடக் கடைசியில் கோயாவுக்கும் ஹாவியர் என்ற மகன் பிறந்தான். அவருக்குப் பிறந்த குழந்தைகளில் பெரியவனாகும் வரை உயிரோடிருந்தது அவன் ஒருவன்தான். குழந்தைகளைப் பறிகொடுத்த அப்பா ஒருவர் அடுத்தவர் பிள்ளையை எந்த மனதோடு பார்ப்பார் என்று யோசித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது, ஆனால் அதை நிரூபிக்க முடியாது, என் எண்ணம் அவ்வளவுதான்.

அப்புறம், பறவையின் அலகைக் கவனித்தீர்களா? அது கவ்வியிருப்பது கோயாவின் விசிட்டிங் கார்டு. தன் பெயரை அவர் எழுதிவைத்த இடம், பூனைகள் பாயக் காத்திருக்கும் அதே இடம். பறக்க முடியாதபடி அந்தப் பறவையைப் பிடித்து வைத்திருப்பதோ எதுவும் தெரியாத அந்தக் குழந்தையின் இரண்டு கைகள். பூனைகளைவிட என்னை அதிகம் உலுக்குவது அந்தக் கயிறுதான்.