கூட்டத்தில் பேச வராதவர் தலைமை ஏற்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயைச் சீர்படுத்தும் குழுவில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். இப்போது என்னையே தலைவியாக இருக்கச் சொல்கிறார்கள். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு நா எழுவதில்லை. ஒதுங்கிக்கொள்வதுதான் நல்லதா?
– ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, ஒதுங்க வேண்டாம். உங்கள் மாவட்டத்திலேயே, திருப்பத்தூருக்கு அருகில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் கூடு கட்ட வரும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பது, சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி ஊர் மக்கள் தாமாக ஏற்று நடத்திவரும் கட்டுப்பாடு. வெடிக்காக ஏங்கும் பிள்ளைக்குக் காரணம் சொல்லிப் புரியவைக்கும் தாய்தான் ஆண்டுதோறும் அதைக் காப்பாற்றுகிறாள். அவளுக்கு மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. அவள் செய்வதைத் தலைமை என்று சொல்ல நான் தயங்க மாட்டேன்.

உங்கள் பக்கத்துக் கண்மாய்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடை வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு, அறுவடையில் நெல்லாகக் கூலி பெற்றவர் அவர். நாள்தோறும் கரையில் நடந்தவர் என்பதால்தான் தண்ணீர் விஷயத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. நான்கு ஆண்டுகளாக நீங்களும் அந்தக் கரையில்தான் நிற்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை யாரோ ஆக்கிரமித்திருக்கும்போது, மனத்தாங்கல் வருமே என்று வாய்மூடி இருப்பதை அமைதியான சுபாவம் என்று எண்ணிவிடாதீர்கள். பேச வராவிட்டால் எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊரின் நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டைப் பார்த்துப் புல எண்ணோடு மனு எழுதி, குரல் எடுப்பான ஒருவரைக் கிராம சபையில் படிக்கச் சொல்லுங்கள். அது தீர்மானப் பதிவேட்டில் ஏறும்வரை அந்த இடத்தை விட்டு எழாதீர்கள்.

அதிகம் பேசாதவர்கள், பிறரிடம் கேட்கக் கூசி, சீமைக் கருவேலம் வெட்டுவது முதல் வரவுசெலவு எழுதுவது வரை தாமே சுமந்து இரண்டே ஆண்டில் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். கணக்கை ஒருவரிடமும் மடைகளை இன்னொருவரிடமும் இப்போதே ஒப்படைத்துவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். அதற்குள் ஒரு நாள் குழுவினரோடு வரத்துக்கால் நெடுகிலும் நடந்து, அடைபட்ட இடங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.