எந்தக் குட்டிச்சாத்தான்? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பழைய தியேட்டர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். சின்ன வயதில் எங்கள் வீட்டில் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ தமிழ் வீடியோ கேசட் ஒன்று இருந்தது. பள்ளி விடுமுறை முழுக்க அதுதான் ஓடும். பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கிற பாட்டு வந்தால் அண்ணன் ரிவைண்ட் பண்ணிப் பண்ணிப் போடுவான்.

போன மாதம் மகளுக்குக் காட்டலாம் என்று தேடியபோது ‘சுட்டிச் சாத்தான்’ என்று ஒன்று கிடைத்தது. அதில் பிரகாஷ்ராஜ் வருகிறார், சந்தானம் வருகிறார். நான் பார்த்த படத்தில் இவர்கள் எப்படி இருந்திருக்க முடியும்? பாட்டுகூட கொஞ்சம் மெதுவாகப் போவது மாதிரி இருந்தது. அப்பா ஒருமுறை மெட்ராஸ் போயிருந்தபோது தியேட்டரில் இதைப் பார்த்திருக்கிறார். படம் தொடங்குவதற்கு முன்னால் ரஜினி வந்து கண்ணாடியைப் பற்றிப் பேசினார் என்று சொல்வார். நாங்கள் யாரும் நம்பியதில்லை.

அம்மா இப்போது அண்ணன் வீட்டுக்கு மாறிவிட்டார். பழைய வீட்டைக் காலி செய்தபோது ஒரு பெட்டி நிறைய கேசட் கிடைத்தது. குட்டிச்சாத்தானும் இருக்கிறது. மற்றவற்றில் ‘ஆர்டிஎம் நாடகம்’ (எங்கள் அரசு டிவி), ‘தண்ணீர்மலை தைப்பூசம்’ (பினாங்கு முருகன் கோயில்) என்றெல்லாம் அம்மா கைப்பட எழுதி ஒட்டியிருக்கிறார். இங்கே ஒரு கடையில் விசாரித்தேன். எல்லாவற்றையும் ஏஐ வைத்து எச்டி ஆக்கி பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? அசல் படம் எங்கே கிடைக்கும்?

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரி,

உங்களுக்கு நினைவு பிசகவில்லை. நீங்கள் பார்த்த படத்தில் பிரகாஷ்ராஜும் இல்லை, சந்தானமும் இல்லை. ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ 1984 ஆகஸ்டில் மலையாளத்தில் வந்தது. நவோதயா அப்பச்சன் தயாரிப்பு, அவர் மகன் ஜிஜோ புன்னூஸ் இயக்கம், இளையராஜா இசை. இந்தியாவின் முதல் 3டி படம். தொண்ணூறுகளின் கடைசியில் புதுக் காட்சிகள் சேர்த்து அதை மறுபடி வெளியிட்டார்கள். இந்திக்குப் போனபோது ஊர்மிளா மாதோண்ட்கர் உள்ளே வந்தார். 2010-ல் ‘சுட்டிச் சாத்தான்’ ஆனபோது பிரகாஷ்ராஜும் சந்தானமும் வந்தார்கள். பிள்ளைகள் வரும் பகுதி பழையது, நடுவே நுழைகிற பெரியவர்கள் புதுசு. ஒரே படத்துக்குள் இரண்டு காலம் ஓடுவதுபோல உங்களுக்குத் தோன்றியிருந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

அப்பாவும் கதை விடவில்லை. படம் வந்த சமயத்தில், தியேட்டரில் தருகிற 3டி கண்ணாடியைப் போட்டால் ‘மெட்ராஸ் ஐ’ ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு வதந்தி கிளம்பியது. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடிகளைச் சுத்தம் செய்கிறோம் என்று விளக்க ஒரு துண்டுப் படம் எடுத்து முன்னால் சேர்த்தார்கள். பிரேம் நசீர், அமிதாப் பச்சன், ரஜினிகாந்த், சிரஞ்சீவி என்று மொழிக்கொரு முகம். அப்பாவிடம் இத்தனை வருடம் நம்பாததற்கு நீங்களும் அண்ணனும் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது உங்கள் பாடு.

சுவரில் நடக்கிற பாட்டைப் பற்றியும் மகளுக்குச் சொல்லுங்கள். அதில் கம்ப்யூட்டர் வேலை எதுவும் கிடையாது. ஓர் அறையையே சுழலும்படி கட்டினார்கள், கே. சேகர் வடிவமைத்தது. அறையோடு கேமராவும் சேர்ந்து சுற்றும். எந்தப் பக்கம் கீழே வருகிறதோ அதில் பிள்ளைகள் நடந்துகொண்டே இருப்பார்கள். கேமராவுக்கு அறை அசையவில்லை, பிள்ளைகள்தான் சுவர் ஏறுகிறார்கள்.

சரி, அசலுக்கு வருவோம். எடுத்த படத்தைப் பிற்பாடு மாற்றுவது இங்கே மட்டும் நடப்பதில்லை. ஸ்பீல்பெர்க் 2002-ல் ‘ஈ.டி.’யை மறுபடி வெளியிட்டபோது போலீஸ்காரர்கள் கையில் இருந்த துப்பாக்கிகளை அழித்து வாக்கி டாக்கியாக்கினார். பிறகு அது தவறு என்று அவரே சொன்னார். 2012-ல் வந்த புளூரேயில் துப்பாக்கிகள் திரும்பிவிட்டன. ஜார்ஜ் லூகாஸ் அப்படி இறங்கி வரவில்லை. 1977-ன் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை 1997-ல் மாற்றினார், மேலும் மேலும் மாற்றினார். பொறுக்க முடியாத ரசிகர்கள் அந்தக் காலத்து 35 எம்எம் தியேட்டர் பிரிண்டைத் தேடிப் பிடித்து, தாங்களே ஸ்கேன் செய்து, ‘4கே77’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தமிழில் ‘கர்ணன்’ இருக்கிறது. 1964 படம். 2012-ல் புதுப்பித்தபோது சினிமாஸ்கோப் ஆக்கினார்கள். கிட்டத்தட்ட சதுரமான சட்டத்தில் எடுத்த படத்தை நீளமான திரைக்கு நிரப்ப வேண்டுமென்றால் மேலேயும் கீழேயும் வெட்டித்தான் ஆகவேண்டும். கூட்டம் தியேட்டருக்கு வந்தது, சிவாஜியைப் புதுத் தலைமுறை பார்த்தது, அது நல்ல விஷயம்தான். ஆனாலும் இயக்குநர் பந்துலு வைத்த சட்டம் அது இல்லை. படத்தின் சொந்தக்காரர் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், பழையதையும் பக்கத்தில் வைத்திருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

இதையெல்லாம் சொல்லிவிட்டு உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லவேண்டும். உங்கள் பெட்டியில் இருக்கும் கேசட்டும் அசல் இல்லை. அசல் என்பது கண்ணாடி போட்டுப் பார்த்த 3டி. வலது கண்ணுக்கு ஒரு படம், இடது கண்ணுக்கு ஒரு படம். கேசட்டுக்கு மாற்றும்போது ஒரு கண்ணின் படத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அகலத்திரைப் படமாக இருந்தால் பழைய டிவி சட்டத்துக்குள் அடைக்க இரண்டு பக்கமும் வெட்டுவார்கள். முழு ஸ்கோப் படத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அப்படியே போய்விடும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசினால் இரண்டு மூக்கு மட்டும் தெரிகிற காட்சிகளை நாமெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள்தானே.

பாட்டு மெதுவாகப் போகிறது என்றீர்களே, உண்மையில் உங்கள் கேசட்தான் வேகமாக ஓடியது. தியேட்டரில் படம் நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது ஃப்ரேம்கள். மலேசியாவிலும் இந்தியாவிலும் இருந்த ‘பால்’ (PAL) முறை டிவிக்கு 25 சட்டங்கள். அதனால் வீடியோவுக்கு மாற்றும்போது படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிப் பதிந்துவிடுவார்கள். நூற்றுக்கு நான்கு பங்கு வேகம். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். கூடவே சுருதியும் ஏறும், அரைசுரத்தில் முக்கால் பங்கு அளவுக்கு. இளையராஜாவின் பாட்டை நீங்கள் சின்ன வயதில் கேட்டதெல்லாம் அவர் போட்ட சுருதிக்கு மேலே. இப்போது சரியான வேகத்தில் கேட்டால் இழுப்பதுபோலத்தான் இருக்கும், காது பழக்கம்.

அப்படியானால் அந்தக் கேசட்டைத் தூக்கிப் போடுவதா? கூடவே கூடாது. 2010-க்கு முன்னால் இருந்த தமிழ்க் குரல்களும், வெட்டி ஒட்டாத காட்சி வரிசையும் அதில் இருக்கின்றன. நெகட்டிவிலிருந்தோ தியேட்டர் பிரிண்டிலிருந்தோ முறையாகப் புதுப்பிப்பது உரிமை வைத்திருப்பவர்களால்தான் முடியும், அதுவும் சீக்கிரம் செய்தால்தான் உண்டு. நம் ஊர் மாதிரி சூட்டிலும் ஈரத்திலும் அசிடேட் பிலிம் வினிகர் வாடை அடித்துச் சுருங்கிப் போகும். அதுவரைக்கும் உங்கள் கேசட் ஒரு சாட்சி. ஒன்று மட்டும்: கணினியில் ஏற்றியதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், யூடியூபில் போடாதீர்கள். இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் உரிமை 60 வருடம். இந்தப் படத்துக்கு 2044 முடியும்வரை ஆள் இருக்கிறது.

ஆனால் பெட்டியில் முதலில் கைவைக்க வேண்டியது குட்டிச்சாத்தானில் இல்லை. அம்மா கைப்பட எழுதியவற்றில். குட்டிச்சாத்தானுக்கு உலகத்தில் இன்னும் பல கேசட் இருக்கும். தண்ணீர்மலை தைப்பூசத்தை உங்கள் வீட்டு ஆட்கள் எடுத்த கேசட் உலகத்திலேயே அது ஒன்றுதான். ஆர்டிஎம் நாடகத்தையும் லேசாக நினைக்காதீர்கள். ஒரு காலத்தில் ஒளிபரப்பு டேப்புகள் விலை அதிகம் என்று உலகத்தின் பல டிவி நிலையங்கள் பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிந்தன. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் அறுபதுகளின் அத்தியாயங்கள் பல இன்று படமாக இல்லை. ஆனால் அவற்றின் ஒலி முழுவதும் இருக்கிறது. காரணம், டிவிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து வீட்டில் பதிந்த ரசிகர்கள். நாடகத்தின் நடுவே வரும் விளம்பரத்தையும் அறிவிப்பாளரையும் வெட்டச் சொல்லிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு நாடகத்தைவிட அதுதான் முக்கியம் என்றுகூடச் சொல்வேன்.

இனி வேலை. எந்தக் கேசட்டையும் எடுத்தவுடன் டெக்கில் செருகிவிடாதீர்கள். முதலில் ஜன்னலருகே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மேலே இருக்கும் கண்ணாடிச் சதுரம் வழியாக டேப் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். கன்னங்கரேலென்று வழவழப்பாக இருந்தால் நல்லது. அரிசி மாவு தூவியதுபோல வெள்ளையாகத் தெரிந்தால் பூஞ்சை. கேசட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை அழுத்திக்கொண்டு முன்மூடியைத் தூக்கினால் டேப் நேரடியாகத் தெரியும், அங்கேயும் பாருங்கள். நம் ஊரில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதம், அலமாரி மேல் வருடக்கணக்கில் கிடந்த பெட்டியில் பூஞ்சை இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியே ஓட்டினால் டேப்பைப் படிக்க நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிற ஹெட்டில் அந்தப் பூஞ்சை போய் அடைக்கும், படம் முழுக்கப் பூச்சி பறக்கும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டிலும் ஒட்டும். பூஞ்சை பிடித்ததைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். அதைச் சுத்தம் செய்வது பழக்கப்பட்டவர் கை வைக்கிற வேலை.

அப்புறம் கேசட்டின் முதுகில், லேபிள் ஒட்டும் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் டெக் அந்தக் கேசட்டில் எதையும் பதியாது. ப்ளே என்று நினைத்து யாராவது ரெக்கார்டை அழுத்திவிட்டால் தைப்பூசம் அதோடு சரி. அம்மாவிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றும் எந்த வருடம், யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள், இது டேப்பை ஓட்டுவதைவிட அவசரம். அந்தக் காலத்தில் மூன்று மணி நேரக் கேசட்டில் ஆறு மணி நேரம் பிடிக்க ‘எல்பி’ என்ற பாதி வேகத்தில் பதிவார்கள். அப்படி ஏதும் உண்டா என்றும் கேளுங்கள், எல்லா டெக்கும் எல்பியை ஒழுங்காக ஓட்டாது.

கடைக்காரரிடம் கொடுக்கலாமா என்றால், ஏஐ வேண்டாம். விஎச்எஸ், அதாவது உங்கள் வீடியோ கேசட் வகை, படத்தில் இல்லாத விவரத்தை அது தானாகக் கற்பனை செய்து நிரப்பும். தைப்பூசக் கூட்டத்தில் தூரத்தில் நிற்கிற உங்கள் பாட்டியின் முகம் வேறு யாரோ ஒருவர் முகமாகிவிடும், தோல் வழவழவென்று ஆகிவிடும். அவர் தொட்டுத் திருத்துவதற்கு முந்தைய பெரிய கோப்பு வேண்டும் என்று கேளுங்கள்: 720க்கு 576, நொடிக்கு 25 சட்டம், டிவி கோடுகள் கலைக்கப்படாமல் (‘டீஇன்டர்லேஸ்’ செய்யாமல்). பழைய கேம்கோடர்களின் ‘DV’ வடிவத்தில் எடுத்தால்கூட மணிக்கு 13 ஜிபி பிடிக்கும். ஒரு கேசட்டை ஒரு ஜிபி எம்பி4 ஆக மட்டும்தான் தருவேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். திருத்துவதை என்றைக்கு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். டேப்தான் காத்திருக்காது.

நீங்களே செய்வதானால் டெக் வேண்டும், புதிது கிடையாது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானிய நிறுவனம் ஃபுனாய் 2016-ல் நிறுத்திவிட்டது. உங்கள் பக்கம் ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தை இருக்கிறது, இங்கே கோலாலம்பூர் பக்கம் வாரக் கடைசியில் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால். ஓட்டிக் காட்டாமல் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இறுகிப் போயிருந்தால் டேப்பைக் கடித்துத் தின்றுவிடும். பெல்ட், கேபிள், சில்லறைச் சாமான்களுக்கு கோலாலம்பூரில் புடு ஜாலான் பாசார் கடைகள் போதும். இருபது முப்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிற யூஎஸ்பி கருவிகள் பாதியில் சட்டங்களைத் தவறவிடும், படம் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போகும். எஸ்-வீடியோ வெளியீடும், ஆடும் படத்தை நிலைநிறுத்துகிற டைம் பேஸ் கரெக்டரும் உள்ள எஸ்-விஎச்எஸ் டெக் கிடைத்தால் விடாதீர்கள்.

இல்லையென்றால் என்னிடம் ஒன்று ஓடுகிற நிலையில் இருக்கிறது. தபாலில் அனுப்ப வேண்டாம். பட்டர்வொர்த்திலிருந்து ஈடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்துவிடுங்கள், வீடு பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம்தான். கேசட்டைப் படுக்க வைக்காமல் புத்தகம்போல நிறுத்தி அடுக்குங்கள், ஸ்டேஷன் போகும் வழியில் கார் பூட்டில் வெயிலில் விட்டுவிடாதீர்கள். பூஞ்சை இல்லாத ‘தண்ணீர்மலை’யும் ‘ஆர்டிஎம் நாடக’மும் முதல் தடவைக்குப் போதும். வருவதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் போடுங்கள், டெக்கின் ஹெட்டைத் துடைத்து வைக்கிறேன்.