முதல் பாட்டுக்குப் பூஜ்யம்

கேள்வி: ஐரோப்பிய நாடுகளுக்கிடையே நடக்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு முதல்முறை போய், ஒரு புள்ளிகூட வாங்காமல் திரும்பிய நாடு உண்டா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருவது போர்ச்சுகல். 1964, கோபன்ஹேகன். அன்டோனியோ கல்வாரியோ பாடிய பாட்டின் தலைப்புக்கு ‘பிரார்த்தனை’ என்று அர்த்தம். கிடைத்தது பூஜ்யம். அன்றைக்கு இன்னும் மூன்று நாடுகளுக்கும் அதே கதிதான். ஆனால் முதல்முறை வந்த பிள்ளைக்கு இப்படி ஆனால் மனசு தாங்குமா?

அதே இரவில், ‘ஃபிராங்கோவையும் சலாசாரையும் புறக்கணியுங்கள்’ என்ற பதாகையோடு ஒருவர் மேடையேறிவிட்டார். ஃபிராங்கோ அப்போது ஸ்பெயினின் சர்வாதிகாரி, சலாசார் போர்ச்சுகலின் சர்வாதிகாரி. அந்தக் கோபம் நியாயமானது. அதற்காகப் பாடகர்மேல் எனக்கு இரக்கம் குறையவில்லை. முழு ஒளிபரப்பின் காட்சிப்பதிவு இன்று இல்லை. ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். குரலில் ஒரு குறையும் இல்லை.

போர்ச்சுகலின் முதல் வெற்றிக்கு 53 வருஷம் ஆனது. 2017, கீவ் நகரம். தங்கள் மொழியிலேயே பாடி, 758 புள்ளிகள் வாங்கினார் சல்வடோர் சொப்ரால். பாட்டை எழுதியது அவருடைய அக்கா லூயிசா. வென்றபின் அக்காவையும் மேடைக்கு அழைத்து, இருவருமாக அதையே மறுபடி பாடினார்கள்.